கன்னியாவின் சூடும் கெல்வின் பிரபுவின் கணக்கும்

2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது. அந்த இருளை அனுபவித்தவர்கள் அதனை எளிதில் மறக்கமாட்டார்கள். அவ்வேளையில் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் தொலைபேசியில் பேசிய நண்பர்கள் சிலர் ஏறத்தாழ ஒரே கேள்வியைக் கேட்டார்கள். திருகோணமலைக்கு அண்மையில், கன்னியாவில் நிலத்துக்கடியிலிருந்து வெந்நீர் ஊற்றெடுக்கின்றதே, அந்த வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்க எவருக்கும் தோன்றவில்லையா என்பதே அக்கேள்வி. அதைக் கேட்டு நான் சிரிக்கவில்லை. ஏனெனில், இளம் நிருபராக இருந்த காலத்தில் நான் அதனை ஒரு கேள்வியாக அன்றி, விடையாகவே பத்திரிகையில் எழுதியவன்.

கன்னியாவின் ஏழு கிணறுகளையும் இராவணனோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படும் ஐதீகத்தை வாசகர்கள் அறிவார்கள். தாயாருக்கு ஈமக்கடன் செய்யும்பொருட்டு அவன் நிலத்தில் வாளை ஊன்றிய இடங்களிலிருந்து நீர் பீறிட்டது என்பார்கள். இன்றும் எமது மக்கள் அந்தியேட்டிக் கிரியைகளுக்காக அங்கு செல்வதுண்டு. நான் அங்கு சென்றது வேறு நோக்கத்துக்காக. இரவல் வாங்கிய வெப்பமானி ஒன்றைக் கயிற்றில் கட்டி ஒவ்வொரு கிணற்றிலும் இறக்கி, அளவுகளைக் குறித்துக்கொண்டு வந்து, கிழக்கு மாகாணத்துக்கு ஒளியூட்டும் ஆற்றல் கன்னியாவின் அடியில் உறங்குகின்றது என்று எழுதினேன். தலைப்பும் பெரிதாகவே போடப்பட்டது.

ஒரு வாரம் கழித்து ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் பத்திரிகையின் நறுக்கோடு என்னைத் தேடி வந்தார். "தம்பி, தண்ணி எவ்வளவு சூடெண்டு எழுதியிருக்கிறீர். எவ்வளவு வெப்பம் வருகுதெண்டு எழுதேல்லையே?" என்று கேட்டார். இரண்டும் ஒன்றுதானே என்றேன். இல்லை என்று தலையசைத்துவிட்டு, கெல்வின் பிரபுவின் கதையைப் படித்துப் பாரும் என்று சொல்லிப் போனார். அந்தக் கதையை ஒழுங்காகப் படிக்க எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அதனை இங்கு எழுதுவது அவருக்கு நான் பட்ட கடன்.

நிலத்தைத் தோண்டத் தோண்டச் சூடு ஏறும் என்பது சுரங்கத் தொழிலாளருக்கு எந்த விஞ்ஞானியும் சொல்லிக்கொடுக்க வேண்டிய செய்தி அல்ல. அதற்கு ஓர் எண்ணைக் கொடுக்க முயன்றவர்களுள் முதன்மையானவர் பிரான்ஸ் நாட்டுப் புவிச்சரிதவியலாளர் லூயி கோர்டியே. சுரங்கங்களில் பெற்ற அளவுகளைத் தொகுத்து, ஏறத்தாழ 25 மீற்றர் ஆழத்துக்கு ஒரு பாகை செல்சியஸ் வீதம் வெப்பநிலை உயர்கின்றது என்று 1827இல் அவர் அறிவித்தார். பாரிஸ் நகரின் கிரெனெல் பகுதியில் ஏழு ஆண்டுகளுக்கு மேலாகத் துளைத்த ஆழ்கிணறு 1841இல் 548 மீற்றர் ஆழத்தில் நீரை எட்டியபோது, ஏறத்தாழ 28 பாகைச் சூடான நீர் பொங்கி எழுந்தது.

ஆயினும் சூடு ஏறும் வீதம் ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டால் உள்ளிருந்து வெளிவரும் வெப்பத்தின் அளவைச் சொல்லிவிட முடியாது. எமது அடுக்களையில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. கொதிக்கும் பானையில் இரும்புக் கரண்டியையும் சிரட்டை அகப்பையையும் ஒன்றாக விட்டுவையுங்கள். இரும்பின் பிடி விரைவில் கையைச் சுடும். அகப்பையின் பிடி சுடாது. பானையின் சூடு இரண்டுக்கும் ஒன்றே. வேறுபடுவது, வெப்பத்தைக் கடத்தும் திறன். பாறைகளும் அவ்வாறே. கருங்கல்லில் ஒரு கிலோமீற்றர் ஆழத்துக்கு 20 பாகை ஏறும் இடமும், கருங்கல்லின் பாதியளவே வெப்பத்தைக் கடத்தும் களிப்பாறையில் 40 பாகை ஏறும் இடமும் ஒரே அளவு வெப்பத்தையே வெளியே விடுகின்றன. சூடு ஏறும் வீதத்தைப் பாறையின் கடத்துதிறனால் பெருக்கினால் வருவதே வெப்பப் பாய்ச்சல். ஆசிரியர் என்னிடம் கேட்ட எண் அதுதான்.

இந்த இரண்டாவது அளவுக்கான வழியைத் திறந்தவர் ஸ்கொட்லாந்துப் பௌதிகவியலாளர் ஜேம்ஸ் டேவிட் ஃபோர்ப்ஸ். 1837இல் எடின்பரோவில் மூன்று இடங்களில், எரிமலைப் பாறையிலும் மணலிலும் மணற்கல்லிலும், 3, 6, 12, 24 பிரெஞ்சு அடி ஆழங்களில் நீண்ட தண்டுடைய வெப்பமானிகளை அவர் புதைத்தார். கோடையின் சூடு நிலத்தினுள் மெல்ல இறங்குகின்றது; இறங்கும்போது தேய்ந்தும் போகின்றது. 24 அடி ஆழத்தை அது அடைய ஏறத்தாழ அரையாண்டு செல்கின்றது. அதாவது மேலே மாரி நிலவும்போது கீழே கோடை. எவ்வளவு தாமதம், எவ்வளவு தேய்வு என்பவற்றிலிருந்து பாறை வெப்பத்தைக் கடத்தும் திறனைக் கணித்துவிடலாம்.

அந்தப் பதிவுகளைக் கையில் எடுத்தவர்தான் வில்லியம் தொம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு. உருகிய கோளமாகத் தொடங்கிய பூமி ஆறிக்கொண்டு வருகின்றது என்றால், இன்று மேற்பரப்புக்கு அருகில் சூடு ஏறும் வீதத்தைக் கொண்டு அது எப்போது ஆறத் தொடங்கியது என்று கணிக்கலாம் என்பது அவரது எண்ணம். ஃபூரியே வகுத்த வெப்பக் கணிதம் அதற்கு உதவியது. 50 அடிக்கு ஒரு பாரன்ஹீட் பாகை என்ற வீதத்தை எடுத்துக்கொண்டு, 1862இல் அவர் விடையை வெளியிட்டார். பூமியின் வயது 9 கோடி 80 இலட்சம் ஆண்டுகள். தரவுகளின் குறைபாட்டைக் கருதி, 2 கோடிக்கும் 40 கோடிக்கும் இடையில் எதுவாகவும் இருக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டார். 1897இல் அந்த எல்லையை 2 கோடிக்கும் 4 கோடிக்கும் இடையே சுருக்கினார்.

இந்த எண் எத்தனை பேரை வருத்தியது என்பதை இன்று உணர்வது கடினம். இங்கிலாந்தின் ஒரு பள்ளத்தாக்கு அரிக்கப்படுவதற்கே 30 கோடி ஆண்டுகள் சென்றிருக்கும் என்று 1859இல் எழுதிய டார்வின், விமர்சனங்களின் பின்னர் 1861ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்தக் கணக்கை நீக்கியிருந்தார். கெல்வின் கொடுத்த குறுகிய காலம் அவரை அதன் பின்னரும் தொல்லைப்படுத்தியது. புவிச்சரிதவியலாளர்கள் பாறைப் படைகளைக் காட்டி வாதாடினார்கள். ஆனால் அக்காலத்தின் மிகப் பெரிய பௌதிகவியலாளரின் கணிதத்துக்கு எதிரே அவர்களின் குரல் எடுபடவில்லை. கணிதத்தில் பிழை இல்லை. வெப்பமானியிலும் பெரும் பிழை இல்லை.

பிழை வேறிடத்தில் இருந்தது. அதை முதலில் சுட்டிக்காட்டியவர் கெல்வினிடம் முன்னர் உதவியாளராக இருந்த ஜோன் பெரி. 1895இல் அவர் கேட்டது இதுதான்: பூமியின் உள்ளே வெப்பம் அசையாத கல்லினூடாக மட்டும் மெல்லக் கடத்தப்பட்டு வருகின்றது என்று ஏன் கொள்ளவேண்டும்? ஆழத்திலுள்ள பொருள் மிக மெதுவாகவேனும் புரண்டு, அடுப்பிலுள்ள கஞ்சியைப் போலத் தன்னோடு வெப்பத்தையும் தூக்கிக்கொண்டு மேலே வருமானால், ஆழத்து வெப்பம் இடைவிடாது மேலே வந்துசேரும்; மேற்பரப்புக்கு அண்மையில் இதே சூடு ஏறும் வீதம் மிக நீண்ட காலம் நிலைத்திருக்கும். பூமியின் வயதும் நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகளாகிவிடும். எமது பாடநூல்களில் மேற்காவுகை எனப்படுவது இதுவே. தமது ஆசானை மறுப்பதில் பெரிக்குத் தயக்கம் இருந்தது. அவரது வாதம் உரிய கவனத்தைப் பெறவும் இல்லை.

பின்னர் வந்தது கதிர்த்தொழிற்பாடு. ரேடியம் தானாகவே வெப்பத்தை வெளியிடுகின்றது என்று 1903இல் பியர் கியூரியும் லபோர்டும் காட்டினார்கள். 1904இல் இலண்டனில் உரையாற்றிய ரதர்ஃபோர்ட், அவையில் முதியவர் கெல்வின் அமர்ந்திருக்கக் கண்டு, புதிய வெப்பமூலம் எதுவும் இல்லையெனில் என்ற நிபந்தனையைக் கெல்வினே முன்னர் விதித்திருந்தார் என்று நயமாகச் சொல்லித் தப்பிக்கொண்டது பலரும் அறிந்த கதை. பொதுவாக எழுதுபவர்கள் இத்துடன் கெல்வினின் கணக்கை முடித்துவிடுவார்கள். உண்மையில், கதிர்த்தொழிற்பாட்டு வெப்பத்தைக் கெல்வினின் அசையாத பூமியில் சேர்த்துக் கணித்தாலும் விடை பெரிதாக மாறாது. அவரை வீழ்த்தியது பெரி சுட்டிக்காட்டிய இடமே. ரேடியம் செய்தது வேறொன்று. அது பாறைகளின் வயதைச் சொல்லும் கடிகாரத்தைக் கொடுத்தது.

அந்தக் கடிகாரத்தில் எமது தீவுக்கும் ஒரு பங்கு உண்டு. கலையோகி ஆனந்த குமாரசுவாமியை எமது வாசகர்கள் சிவநடனம் பற்றி எழுதிய கலை வரலாற்றாசிரியராகவே அறிவார்கள். ஆனால் இலண்டனில் புவிச்சரிதவியல் பயின்று வந்த அவர், 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைத் திணைக்களத்தின் பணிப்பாளராக இருந்தார். 1904இல் அவர் அறிவித்த ஒரு கரிய, கனமான கனிப்பொருளை யுரேனியம் சார்ந்த பழைய இனம் என்றே முதலில் கருதினார். இங்கிலாந்தில் அதனைப் பகுத்தாய்ந்த வின்டம் டன்ஸ்ரன், தோரியம் மிகுந்த புதிய இனம் எனக் கண்டு அதற்குத் தோரியனைட் என்று பெயரிட்டார். கதிர்த்தொழிற்பாட்டினால் உண்டாகும் ஹீலியம் வாயு அதனுள் நிறைய அடைபட்டிருந்தது. ரொபேர்ட் ஸ்ட்ரட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, இலங்கைத் தோரியனைட்டில் எவ்வளவு ஹீலியம் இருக்கின்றது, அது என்ன வேகத்தில் உண்டாகின்றது என்ற இரண்டையும் அளந்து, அந்தக் கல்லின் வயது குறைந்தது 28 கோடி ஆண்டுகள் என்று 1910இல் அறிவித்தார். ஒரு தனிக் கல்லே, கெல்வின் முழுப் பூமிக்கும் இறுதியாக வழங்கிய வயதின் ஏழு மடங்கு முதுமையுடையதாயிற்று.

இனி வெப்பப் பாய்ச்சலுக்குத் திரும்புவோம். பிரித்தானிய விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் 1867இல் நிலக்கீழ் வெப்பநிலைக்கென ஒரு குழுவை அமைத்தது. அதன் செயலாளராக இருந்த எவரெட், 1882இல் அளவுகளைத் தொகுத்து, சராசரியாக 64 அடிக்கு ஒரு பாரன்ஹீட் பாகை என்றார். ஆனால் ஒரே துளையில் வெப்பநிலையையும் அதே துளையிலிருந்து எடுத்த கல்லின் கடத்துதிறனையும் அளந்து, இரண்டையும் முறையாக இணைத்த ஆய்வுகளுக்கு உலகம் 1939 வரை காத்திருந்தது. அவ்வாண்டு எட்வேர்ட் புல்லார்ட் தென்னாபிரிக்காவுக்கும், பென்ஃபீல்ட் பிரித்தானியாவுக்கும் வெப்பப் பாய்ச்சலை வெளியிட்டார்கள். தென்னாபிரிக்காவில் அது ஒரு சதுர மீற்றருக்கு 50 மில்லிவொட்டை அண்டியதாக இருந்தது.

அளக்கும் முறை அடிப்படையில் இன்றும் அதுவே. நூற்றுக்கணக்கான மீற்றர் ஆழத்துக்குத் துளையிட வேண்டும். துளையிடும் வேலையே பாறையின் வெப்பநிலையைக் குழப்பிவிடுவதால், அது பழைய நிலைக்கு மீளும்வரை காத்திருக்க வேண்டும். பின்னர் நுண்ணிய உணரியை இறக்கிப் படிப்படியாக அளவெடுத்து, துளையில் வந்த கற்றுண்டுகளை ஆய்வுகூடத்தில் சோதிக்க வேண்டும். இவற்றுள் காத்திருப்பதே கடினமான வேலை என்று நான் நினைக்கிறேன். செய்தியாளர்களுக்கு அது வராது.

கடலடியில் கருங்கல் இல்லை. ஆகவே கதிர்த்தொழிற்பாட்டு வெப்பமும் குறைவாயிருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பசிபிக் சமுத்திரத்தின் சேற்றில் உருக்குக் குழாயைச் செருகி ரெவெலும் மக்ஸ்வெலும் அளந்து 1952இல் வெளியிட்ட விடை, ஏறத்தாழக் கண்டங்களுக்குச் சமமாக இருந்தது. பூமியின் உள்ளே பொருள் புரண்டு மேலே வருகின்றது என்பதற்கு அது ஒரு வலுவான குறிப்பாயிற்று. பெரியின் கேள்வி அறுபது ஆண்டுகளின் பின் கடலடியிலிருந்து மீண்டும் எழுந்தது. இன்று கண்டங்களின் சராசரி 65 மில்லிவொட் எனவும், பூமி முழுவதும் இழக்கும் வெப்பம் 44 முதல் 47 இலட்சம் கோடி வொட் எனவும் கணிக்கப்படுகின்றது. அதில் ஏறத்தாழப் பாதி கதிர்த்தொழிற்பாட்டின் பங்கு; மீதி பூமி பிறந்தபோது கொண்டிருந்த பழைய சூடு.

65 மில்லிவொட் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு சதுர கிலோமீற்றர் நிலம் முழுவதிலும் வரும் வெப்பம் வெறும் 65 கிலோவொட். ஒரு சிறிய மோட்டார் காரின் இயந்திர வலு அவ்வளவுதான். ஆகவே புவிவெப்ப நிலையங்கள் வாழ்வது அன்றாடம் வரும் வெப்பத்தில் அல்ல; பல்லாயிரம் ஆண்டுகளாகப் பாறையில் சேர்ந்துள்ள வெப்பத்தை அள்ளித்தான். வெப்பப் பாய்ச்சலை அளப்பது வைத்தியர் நாடி பார்ப்பதைப் போன்றது; உள்ளே சேமிப்பு இருக்கிறதா என்பதை அது காட்டித் தரும். இத்தாலியின் லார்தெரெல்லோவில் நாடி பலமாகத் துடிக்கின்றது. அங்கு சில இடங்களில் வெப்பப் பாய்ச்சல் 1000 மில்லிவொட்டை எட்டுகின்றது. அங்கேதான் 1904இல் இளவரசர் பியேரோ ஜினோரி கொந்தி நிலத்து நீராவியால் ஐந்து மின்குமிழ்களை எரியவைத்தார். 1913இல் 250 கிலோவொட் நிலையம் இயங்கியது. நீராவி கண்முன்னே சீறும் அத்தகைய இடத்தில் அளவை இல்லாமலும் தொடங்கலாம். வெளியே ஒன்றும் தெரியாத இடங்களில் அளவையே கண். அமெரிக்காவில் தென் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தினர், எண்ணெய்க் கிணறுகளில் பதிவான ஆயிரக்கணக்கான வெப்பநிலைகளைத் திருத்திக் கணித்து, மேற்கு வேர்ஜினியாவின் ஒரு பகுதி எதிர்பார்த்ததிலும் சூடானது என்று 2010இல் அறிவித்தது இதற்கு உதாரணம்.

இப்போது கன்னியாவுக்கு வரலாம். இலங்கைத் தீவில் உயிருள்ள எரிமலை எதுவும் இல்லை. பத்தில் ஒன்பது பங்கு நிலம் மிகத் தொன்மையான, ஆறிப்போன பாறை. எமக்கு அண்மையில், ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் உழைத்த கோலார் தங்கச் சுரங்கத்தில், ஹைதராபாத் தேசியப் புவிப்பௌதிக ஆய்வு நிலையத்தினர் 1960களில் அளந்தபோது, வெப்பப் பாய்ச்சல் உலகச் சராசரியிலும் குறைவாகவே இருந்தது. மூன்று கிலோமீற்றர் ஆழத்தில் தொழிலாளரை வாட்டிய அதே கல்தான்! ஆளை வாட்டும் சூடு வேறு, வெளிவரும் வெப்பம் வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கன்னியா நீரின் வெப்பநிலை 40 பாகையை அண்டியது. மகா ஓயாவில் அது 55 பாகையை அண்மிக்கின்றது. மழைநீர் பாறைப் பிளவுகளினூடாக ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள சாதாரண சூட்டை ஏந்திக்கொண்டு விரைந்து மேலேறுவதே இவற்றுக்குக் காரணமென்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். கிலோமீற்றருக்கு 25 பாகை ஏறினால், இரண்டு மூன்று கிலோமீற்றர் ஆழம் போதும்; எரிமலை தேவையில்லை. ஆழத்தில் நீர் 100 பாகைக்கு மேற்பட்டிருக்கக்கூடும் என்று நீரின் இரசாயனத்தைக் கொண்டு கணித்தவர்களும் உண்டு. அலாஸ்காவின் சேனா வெந்நீர் ஊற்றில் 74 பாகை நீரைக் கொண்டே 2006 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். ஆனால் அங்கு குளிர்விக்கக் கிடைப்பது 4 பாகை நீர். திருகோணமலையில் அதற்கு எங்கே போவது? ஆகவே இந்த வினாவுக்கு 'முடியும்' என்றோ 'முடியாது' என்றோ சொல்லுமுன், ஊற்றுக்குத் தொலைவாகவும் அருகாகவும் துளைகள் இட்டு, பொறுமையாக அளந்தாக வேண்டும். ஓடும் நீர் வெப்பத்தைக் களவாடும் இடத்தில் ஒரே துளையை நம்புவது, கெல்வின் அசையாத கல்லை நம்பியதைப் போலாகும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நியூசிலாந்தின் வைராகெய் நிலையம் 1958இல் தொடங்கியபின், அருகிலிருந்த வெந்நீர்ப் பீச்சுகள் நிறைந்த பள்ளத்தாக்கு வற்றிப்போனது. அந்நாட்டின் ரொட்டோருவா நகரில் ஊற்றுகளைக் காப்பாற்ற 1980களின் பிற்பகுதியில் துளைக்கிணறுகளையே அரசாங்கம் மூடவேண்டி வந்தது. கன்னியாவில் எமது மக்கள் தாய் தந்தையருக்குக் கடன் கழிக்கிறார்கள். அந்த நீரை வைத்துச் சூதாட எவருக்கும் உரிமை இல்லை.

அந்த ஆசிரியர் இன்று இல்லை. நான் எழுதிய செய்தியின் நறுக்கு என்னிடம் இருக்கின்றது. வெப்பமானியின் அளவுகள் அனைத்தும் சரியாகவே அதில் அச்சாகியுள்ளன. ஏழு கிணறுகளுக்கும் ஏழு எண்கள். ஓர் எண்ணிலும் பிழையில்லை.